இன்ஜின் 'டிரா'ன்னு சொன்னா டிராவா மாப்ள?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், செஸ் போட்டிக்குப் போன அக்கா மகனைக் கூட்டிவர ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். இறங்கும்போதே முகம் தொங்கிப் போயிருந்தது. கடைசி ரவுண்டில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும், இவனே டிரா கேட்டு முடித்திருக்கிறான். ஜெயித்திருந்தால் கோப்பை. அரைப் புள்ளியில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. என் போனை வாங்கி, லிச்செஸ் ஆப்பில் ஆட்டத்தை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டான். எண் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. அவன் முகம் தெளிந்தது.

"பாத்தீங்களா மாமா... இன்ஜினே டிரான்னுதான் சொல்லுது. நான் கேட்டது கரெக்ட்தான்."

யானைமலை அடிவாரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு வந்ததும் யானைச் சிக்கல்தான். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு யானை. இவனுக்கு நாலு சிப்பாய், எதிராளிக்கு மூணு. எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். சரியாகத் தடுத்து ஆடினால் இது டிரா என்றுதான் செஸ் புத்தகங்களும் சொல்கின்றன.

"சரி மாப்ள, இன்ஜினை ஆஃப் பண்ணு. அந்தப் பையன் இடத்துல நான் உக்கார்றேன். இதே பொசிஷன்ல இருந்து ஆடுவோம்" என்றேன்.

காய் நகர்த்தத் தெரியும் என்பதைத் தாண்டி எனக்குச் செஸ் தெரியாது. அரை மணி நேரத்தில் தோற்றேன்.

"நீங்க மோசமா ஆடுனீங்க மாமா."

"அந்தப் பையனும் எட்டாப்புதானே? அவன் மட்டும் கடைசி வரைக்கும் தப்பே பண்ணாம ஆடியிருப்பானா?"

பதில் வரவில்லை.

சிங்கப்பூரில் நடந்ததும் இதுதான்

2024 டிசம்பர் 12. உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். நம்ம சென்னைப் பையன் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் காய்களில் ஆடிய குகேஷிடம் ஒரு யானை, ஒரு மந்திரி, 2 சிப்பாய். டிங்கிடம் யானை, மந்திரி, ஒரே ஒரு சிப்பாய். போனில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தவர்களுக்கெல்லாம் டிராதான் தெரிந்தது. குகேஷிடம் இன்ஜின் இல்லை. ஒரு சிப்பாய் கூடுதல் என்பதை விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

55-வது நகர்வில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்று வழிவிட்டார். அங்கேதான் வினை. டிங்கின் மந்திரி ஏ8 மூலையில் நின்றது. மூலையில் நிற்கும் மந்திரிக்குப் போக ஒரே ஒரு கோடுதான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் மந்திரியை அதே கோட்டில் வைத்தார். அது தப்பிக்க வழியில்லை, அதுவும் வெட்டுப்பட்டது. மிச்சம் 2 ராஜா, 3 சிப்பாய். 58-வது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். அந்தத் தவறைத் தானும் முதலில் கவனிக்கவில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

இன்ஜின் எதைச் சொல்கிறது?

ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின் கோடிக்கணக்கான நகர்வுகளைப் பார்த்து ஒரு மதிப்பைத் தருகிறது. எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது கணிப்புதான். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து 7 காய்களோ, அதற்கும் குறைவாகவோ இருந்தால் கணிப்பே தேவையில்லை. 'டேபிள்பேஸ்' என்று ஒன்று இருக்கிறது. 'செக்மேட்'டில் தொடங்கிப் பின்னோக்கிப் போய், ஒவ்வொரு நிலைக்கும் முடிவை எழுதி வைத்த கணக்குப் புத்தகம் அது. அதில் சில நிலைகளில் ஜெயிக்க 500 நகர்வுகளுக்கு மேல் ஆகும். மனுஷனால் முடிகிற காரியமா?

சிங்கப்பூர் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். யானைகள் வெட்டுப்படும் முன் 9 காய்கள். வெட்டுப்பட்ட பின் 7. அதுவரை கணிப்பாக இருந்தது, அந்த ஒரு நகர்வில் எழுதப்பட்ட தீர்ப்பாகிவிட்டது.

ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்: ரெண்டு பேரும் தப்பே செய்யாவிட்டால் என்ன ஆகும். அந்தத் தப்பைத் தவிர்ப்பது எவ்வளவு கஷ்டம், கடிகாரம் எவ்வளவு நெருக்குகிறது, எதிரே இருப்பவருக்குக் கை நடுங்குகிறதா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை.

கஷ்டத்தை ஓரளவு அளக்க ஒரு வழி உண்டு. இன்ஜின் செட்டிங்கில் ஒரே நகர்வுக்குப் பதில் 3 நகர்வுகளைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றுமே பூஜ்யம் என்றால் எதிராளிக்கு நிம்மதியான டிரா. முதல் நகர்வு மட்டும் பூஜ்யம், மற்ற இரண்டும் தோல்வி என்றால் அவர் கயிற்றின் மேல் நடக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் டிரா கேட்பது, நாமே போய் அவரைக் கைபிடித்து இறக்கிவிடுவது மாதிரி.

குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை. சொந்தமாக யோசித்துப் பழகட்டும் என்பதுதான் காரணம். எல்லோருக்கும் அது சரிவருமா என்று பயிற்சியாளர்கள் விவாதிக்கலாம். எங்கள் வீட்டில் அதிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டோம். ஆட்டம் முடிந்ததும் முதலில் நோட்டில் எழுத வேண்டும்: எங்கே தப்பு செய்தேன், எதற்குப் பயந்தேன். அப்புறம்தான் போன்.

அந்த ஞாயிறு ஆட்டத்துக்கு நேராக அவன் எழுதியிருந்ததைப் படித்தேன். 'டிரா கேட்டேன். பொசிஷன் கஷ்டம்னு இல்ல. தோத்துருவோம்னு பயம்.'

இன்ஜின் இதைச் சொல்லியிருக்காது. நோட்டை மூடி வைத்துவிட்டு, "இன்னொரு ஆட்டம் போடுவோமா மாப்ள?" என்றேன். பலகையை எடுத்து வந்தான்.