சராசரி அறுபது

கள்ளக்குறிச்சியில் மே மாதப் பிற்பகலில் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவனுக்கு இரண்டு எதிரிகள். ஒருத்தன் திரைக்குள்ளே துப்பாக்கியோடு நிற்கிறான். இன்னொன்று போனின் முதுகில் ஏறுகிற சூடு. பிளஸ் டூ முடித்துவிட்டுத் திண்ணையே கதியென்று கிடக்கும் அக்கா பையனைக் கேட்டால் சொல்வான்: “மொத ஆட்டம் ஸ்மூத்தா போவுது மாமா. ரெண்டாவதுல இழுக்க ஆரம்பிச்சுடுது.”

போன் கெட்டுப்போகவில்லை. அதற்குள் விசிறி கிடையாது. சூடு ஓர் அளவைத் தாண்டினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நொடிக்கு 60 படம், அதாவது பிரேம், வரைந்துகொண்டிருந்தது 45 ஆகும், பிறகு 38 ஆகும். சார்ஜரைச் செருகிக்கொண்டே ஆடினால் இன்னும் சீக்கிரம். விவரம் தெரிந்த பையன்கள் அதனால்தான் படத்தின் தரத்தை ‘ஸ்மூத்’ என்ற கீழ்ப் படிக்கு இறக்கி, பிரேம் ரேட்டை ‘எக்ஸ்ட்ரீம்’, அதாவது 60க்கு ஏற்றி வைக்கிறார்கள். புல் மொட்டையாகத் தெரிந்தால் என்ன, எதிரி தெரிந்தால் சரி.

60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டு, மரம் மட்டை வீடு வாசல் அத்தனையும் வரைந்து முடிக்க வேண்டும். முடியவில்லையா, திரை பழைய படத்தையே இன்னொரு முறை காட்டும். கண் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. பிரேம் குறைவாக இருப்பதைவிட, ஒழுங்கில்லாமல் வருவதுதான் அதிகம் உறுத்துகிறது.

நொடிக்கு எத்தனை பிரேம் என்று திரை மூலையில் ஓடும் எஃப்பிஎஸ் எண்ணை நான் நம்புவதில்லை. 60 என்று வரம்பு போடாத ஆட்டத்தில் முக்கால் நொடியில் 59 பிரேம் வந்து, மிச்சக் கால் நொடியை ஒரே பிரேம் தின்றுவிட்டாலும் அது ‘60’ என்றுதான் காட்டும். கச்சிராயபாளையம் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள் என்று வையுங்கள். மணிக்கு ஆறு பஸ் என்று போர்டு சொல்கிறது. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போய்விட்டு முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. போர்டு சொன்னது பொய்யில்லை, ஆனால் கால் வலித்தது நமக்குத்தான்.

சராசரி எண் ஏமாற்றும் என்பதை உரக்கச் சொன்னவர் ஸ்காட் வாசன் என்ற அமெரிக்கர். ‘தி டெக் ரிப்போர்ட்’ இணையதளத்தில் 2011 செப்டம்பரில் எழுதினார்: நொடிக்கு எத்தனை என்று எண்ணாதீர்கள், ஒவ்வொரு பிரேமும் எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதிக்கும் முறையே அதன்பின் மாறியது.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் 15ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்த அந்த லேப்டாப்பில் எத்தனை பேர் வைஸ் சிட்டி கேம் ஆடினார்கள் என்பதற்கு எந்தத் துறையிடமும் கணக்கிருக்காது. ஆனால் தமிழ்நாட்டின் கிராமத்துப் பையன்கள் பிரேம் ரேட்டைப் படித்த பள்ளிக்கூடம் அதுதான் என்பேன். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, இரண்டு ஜிபி ராம். ரெசல்யூஷனை 800க்கு 600 ஆக்கு, நிழலை அணை, ஆன்டிவைரஸை நிறுத்து என்று ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொடுத்துப் பரவிய வித்தை. கொஞ்சம் காசு சேர்த்தவன் இன்னொரு ராம் வாங்கிச் செருகுவான். தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. ராமை ஜோடியாகப் போட்டால் தரவு போய்வரும் அகலம் இரட்டிப்பாகும். காரணம் தெரியாமலே பலன் கண்டவர்கள்.

வைஸ் சிட்டிக்கு அடுத்து வந்த சான் ஆண்ட்ரியாஸ் கேமில் ‘பிரேம் லிமிட்டர்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அணைத்தால் எண் ஏறும். ஆனால் ஆட்டத்தின் இயக்கக் கணக்கில் ஒரு பகுதி பிரேமோடு முடிச்சுப் போடப்பட்டிருந்ததால், எண் ஏற ஏற நாயகன் தண்ணீரில் நீந்துவது மந்தமாகும். இத்தனைக்கும் 25, 30லேயே அந்த ஆட்டம் நன்றாகத்தான் ஓடும்.

சினிமாவுக்கு 24 போதுமே, கேமுக்கு ஏன் 60 என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கேமராவின் ஒவ்வொரு பிரேமிலும் அசைவு லேசாகக் கலங்கிப் பதிகிறது, அந்தக் கலங்கல் அடுத்த பிரேமோடு ஒட்டிக்கொள்கிறது. கேமில் ஒவ்வொரு பிரேமும் துல்லியமாக உறைந்த ஒரு கணம், ஒட்டுவதற்குப் பசை இல்லை. அதைவிடப் பெரிய காரணம், சினிமாவில் நாம் விரலை வைத்து எதையும் திருப்புவதில்லை. திருப்பிய கணமே திரும்பவில்லை என்றால் கைக்குத் தெரிந்துவிடும்.

செல்போன் கடைகளில் இப்போது ‘120 ஹெர்ட்ஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியே விற்கிறார்கள். திரை நொடிக்கு 120 முறை புதுப்பித்துக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். சிப் அத்தனை வரையும் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. பல போன்களில் ஆட்டம் 40 பிரேமுக்கு மேல் திறக்கவே திறக்காது. அதற்காக அந்தத் திரை வீண் என்றும் சொல்ல மாட்டேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 பிரேம் ஓட்டினால் ஒரு படம் ஒரு சுற்று, அடுத்தது இரண்டு சுற்று என்று நொண்டும். 120இல் ஒவ்வொன்றுக்கும் சரியாக மூன்று சுற்று, நொண்டாது. கடைக்காரர் இதைச் சொல்லி விற்றால் இன்னும் நாலு போன் கூடுதலாகப் போகும்.

கல்வராயன் மலைக்கு ஏறினால் கதை தலைகீழ். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் சாயங்காலக் காற்றுக்குப் போன் சூடாவதே இல்லை. பிரேம் அசையாமல் நிற்கும். சிக்னல்தான் கண்ணாமூச்சி ஆடும். சர்வரிலிருந்து தகவல் தாமதமாக வருவதால், எதிரி இங்கே மறைந்து அங்கே முளைப்பான். பிரேம் எண் மட்டும் 60. போன் பழைய செய்தியை வழுவழுப்பாக வரைந்துகொண்டிருக்கும். கீழே டவர் உண்டு, குளிர் இல்லை. மேலே குளிர் உண்டு, டவர் சரியில்லை. ஒன்று சிப்பின் கோளாறு, மற்றது நெட்வொர்க்கின் கோளாறு. இது தெரியாமல் சிக்னலுக்காகப் புதுப் போன் வாங்கிக் காசைக் கரைத்தவர்கள் உண்டு.

மலையில் பையன்கள் நெட் கேட்காத ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’. அதில் ஆடுகிறவர்களே நம் அரசுப் பேருந்துகளை அச்சு அசலாகச் செய்து ‘மாட்’ என்று பரப்புகிறார்கள். நுணுக்கம் கூடக்கூட பாரமும் கூடும். வெள்ளிமலையில் ஒரு பையன் காட்டினான்: ஜன்னல் கம்பி வரை செதுக்கிய ஒரு எஸ்இடிசி, அதாவது அரசு விரைவுப் பேருந்து. கொண்டை ஊசி வளைவில் பிரேம் தடுமாறுகிறது, ஸ்டியரிங் ஒடித்து ஒரு கணம் கழித்துத்தான் வண்டி திரும்புகிறது. அதற்குள் இவன் இன்னும் ஒடித்துவிடுகிறான், வண்டி பள்ளத்தில்.

“அழகா இருந்து என்னாண்ணே பண்றது, திருப்பத்துல திரும்ப மாட்டேங்குதே.”

ஓட்டுவதற்கு ஒரு மொட்டை டவுன் பஸ் வைத்திருக்கிறான். எஸ்இடிசியை டெப்போவில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்கிறான்.