தகட்டைத் திருத்துவோம், காணியை மறவோம்

வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு 1990 இல் வெளியேறிய கமக்காரக் குடும்பங்கள் பல, நல்லூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் தங்கின. காணிகளில் ஒரு பகுதி பின்னர் விடுவிக்கப்பட்டது. மறுபகுதி இன்றும் படையினர் வசமே உள்ளது. மண்வெட்டி பிடித்த கைகள் சில, பிழைப்புக்காக அரியாலை, கொழும்புத்துறை, பாசையூர்க் கரைகளில் வலை இழுக்கப் பழகிக்கொண்டன. இன்று பங்குக்கு வள்ளம் வைத்திருக்கும் குடும்பங்களையும் நாம் அறிவோம்.

இக்குடும்பங்களில் பலர் நம்மிடம் கேட்பது ஒன்றே: "ஃபாதர், இன்னும் பெரிய எஞ்சின் எடுக்க ஒரு கடன் ஒழுங்குபண்ணித் தருவீங்களோ?" கடன் கேட்பதற்கு முன் வள்ளத்தைச் சரிபார்க்கவேண்டும் என்பதே நமது பணிவான கருத்து.

கண்ணாடியிழை வள்ளம் வேகமெடுக்கும்போது பின்புறம் தாழ்ந்து அணியம் மேலெழுகின்றது. எஞ்சினும் வலையும் ஆளும் பின்னாலேயே இருந்தால் இது இன்னும் மோசமாகும். அப்போது எஞ்சினின் வலு, வள்ளம் தானே எழுப்பிய அலையின்மேல் ஏறுவதிலேயே வீணாகின்றது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை மறந்தவர் எவருமில்லை. வீணாகும் ஒவ்வொரு போத்தலும் பிள்ளைகளின் சோற்றிலிருந்தே போகின்றது.

செலவில்லாத வழிகளை முதலில் செய்யுங்கள். வலையையும் ஐஸ் பெட்டியையும் சற்று முன்னே நகர்த்துங்கள். அடிப்பகுதியில் படிந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டுங்கள். எஞ்சினின் சாய்வை மாற்றும் ஊசியை ஒரு துளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அவசரமில்லாத நாளில் வேகத்தைக் குறையுங்கள்; எண்ணெய்ச் சிக்கனத்துக்கு அதைவிட மலிவான வழி இல்லை.

இவற்றுக்குப் பின்னரும் அணியம் எழுந்தால், பின்பலகையின் அடியோரத்தில் ட்ரிம் தகடு பூட்டலாம். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் ஓடும் நீரைக் கீழே தள்ளும், நீர் பின்புறத்தை மேலே தூக்கும், அணியம் தாழும். அதே வேகத்துக்குக் குறைந்த எண்ணெய் போதும். முதலில் வள்ளத்தின் அடியோடு மட்டமாகப் பூட்டி, பின்னர் சிறிது சிறிதாகச் சாய்க்கவேண்டும். வழக்கமான பாரத்தோடு ஒரே தூரத்தை ஓடி, தகட்டை மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் செலவான எண்ணெயை அளந்து பாருங்கள். துளையிட்ட இடங்களை நீர் புகாதபடி அடையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தகட்டை அளவுக்கு மீறிச் சாய்த்தால் அணியம் நீரைக் குத்தும். பின்னாலிருந்து அலை வரும்போது வள்ளம் திசை தடுமாறிப் புரளவும் கூடும். மெதுவாக ஓடும் வள்ளத்துக்கு இத்தகடு பாரமேயன்றிப் பயனில்லை. ஆகவே கரையிலுள்ள அனுபவமிக்க மீனவப் பெரியவரை அழைத்துச் சென்று சோதியுங்கள்.

இது கமக்காரருக்குப் புதிய பாடமன்று. கலப்பை ஆழமாக இறங்கினால் புதிய மாடு வாங்கினோமா? ஏர்க்காலில் நுகத்தைக் கட்டும் இடத்தையல்லவா மாற்றினோம்! அதே அறிவுதான் இங்கும் வேண்டும். கடற்றொழிலாளரிடம் கற்பது தாழ்வென்று எண்ணும் பழைய மனப்பான்மை நம்மிடையே இன்னும் உண்டு. வலைஞராகிய பேதுருவைத் தெரிந்தெடுத்த ஆண்டவருக்கு முன் அந்த எண்ணம் நிற்காது.

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. எஞ்சினைக் கையளித்துப் படம் எடுப்பதோடு பணி முடிவதில்லை. அதைத் திருத்தவும் அளக்கவும் பழக்குவதே அபிவிருத்தி.

இறுதியாக ஒன்று. "கடலுக்குப் போய்விட்டார்கள், இனிக் காணி எதற்கு?" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பேச்சுக்கு இடங்கொடாதீர்கள். உறுதிகளைப் பத்திரமாக வைத்திருங்கள்; தோட்டத்தின் எல்லைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வள்ளத்தைச் சீர்செய்து இன்றைய சோற்றைத் தேடுவது, நாளை நம் மண்ணுக்குத் திரும்பும் உரிமையைக் கைவிடுவதாகாது. கடன்காரராய் அல்ல, நிமிர்ந்தவராய்த் திரும்புவோம்.