மரத்துக்குத் துவராடை, கோடரிக்கு உரிமை!

"ஆசையை அடக்குங்கள், பூமி தானே குளிரும்!" என்றோர் உபதேசம் இன்று திக்கெட்டும் ஒலிக்கிறது. புத்தர் பெயரால் ஒலிக்கிறது. குளிரூட்டிய மண்டபத்திலே, மலர்மாலைகளுக்கு நடுவே, பெருமுதலாளிகளின் பொருளுதவியோடு ஒலிக்கிறது! தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஏற்றிவிட்டவர் யார்? செல்வத்தில் மேலே நிற்கும் பத்தில் ஒரு பங்கினரே, உலகில் வெளியாகும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழப் பாதிக்குப் பொறுப்பாளிகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் உபதேசம் யாருக்கு? விறகு பொறுக்கும் கிழவிக்கு! அரை ஏக்கர் உழுபவனுக்கு!

புத்தரை நாம் மறுக்கவில்லை. அவரைப் பாதியாக வெட்டி விற்பவர்களைத்தான் மறுக்கிறோம். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும்; வேட்கை பற்றாகும், பற்று துன்பமாகும் என்று ஒரு சங்கிலியை அவர் காட்டினார். மணிமேகலை பயின்ற தமிழருக்கு அது புதிதன்று. அந்தச் சங்கிலி தனி மனிதனின் நெஞ்சுக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா? அப்படிச் சொல்வோர் தீக நிகாயத்திலுள்ள கூடதந்த சூத்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

மகாவிஜிதன் என்றோர் அரசன் பெருவேள்வி செய்ய விரும்புகிறான். நாட்டிலோ கொள்ளை, குழப்பம். கொன்றும் சிறையிட்டும் அதை ஒழித்துவிட முடியாது என்கிறான் அவனுடைய புரோகிதன். உழுவோனுக்கு விதை கொடு, கால்நடை வளர்ப்போனுக்குத் தீவனம் கொடு, வணிகனுக்கு முதல் கொடு, பணிபுரிவோனுக்கு உணவும் ஊதியமும் கொடு என்கிறான். அரசன் கொடுக்கிறான், நாடு அமைதி அடைகிறது. அதன் பிறகே வேள்வி நடக்கிறது. அந்த வேள்வியில் ஆடு மாடு வெட்டப்படவில்லை. தூண் நடுவதற்கென்று ஒரு மரம் சாய்க்கப்படவில்லை. பரப்புவதற்குப் புல் அறுக்கப்படவில்லை. அடிக்கு அஞ்சி, அழுத கண்ணோடு வேலை செய்த ஏவலாள் ஒருவனும் இல்லை. நெய்யும் தயிரும் தேனும் கொண்டே வேள்வி முடிந்தது.

வரிசையைக் கவனியுங்கள், தோழர்களே! முதலில் உழவனுக்கு விதை. பிறகு மரத்துக்கு உயிர். இரண்டும் ஒரே அரசனிடம், ஒரே மூச்சில் கேட்கப்பட்டவை. மணிமேகலையும் பசித்தோருக்குச் சோறிட்டதோடு நிற்கவில்லை. சோழ மன்னனிடமே சென்று சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கேட்டாள்.

துறவிக்கு எளிமையை விதித்தவர் புத்தர் என்பது மெய். செடி கொடிகளை அழிப்பது பிக்குவுக்குக் குற்றம். மழைக்காலத்தில் நடந்தால் பசும்புல்லும் சிற்றுயிரும் மிதிபடும் என்று மக்கள் குறைகூறியதால், அம்மாதங்களில் ஓரிடத்தில் தங்கும் விதி வந்தது. உதயணன் அரண்மனையில் ஆனந்தருக்கு 500 ஆடைகள் கிடைத்தபோது, இத்தனையும் எதற்கு என்று அரசனே கேட்டான். பழைய ஆடை விரிப்பாகும், விரிப்பு நைந்தால் கால்துடைக்கும் துணியாகும், கடைசியில் மண்ணோடு குழைத்துத் தரை மெழுகப் பயன்படும் என்று கணக்கு ஒப்புவித்தார் ஆனந்தர். துறவியிடம் கணக்குக் கேட்ட உலகம், சுரங்க முதலாளியிடம் கேட்கிறதா?

வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன விளையும் என்பதற்குச் சயாம் என்று முன்னர் வழங்கிய தாய்லாந்தே சான்று. பௌத்தம் அரியணையோடு அமர்ந்திருக்கும் நாடு அது. 1960களின் தொடக்கத்தில் அங்கே ஆட்சி செய்த படைத்தலைவர் சரித் தனரத், 'போதும் என்ற மனம்' பற்றிப் போதிக்க வேண்டாம் என்று பிக்குகளைக் கேட்டுக்கொண்டார். மக்கள் போதும் என்று நினைத்துவிட்டால் அபிவிருத்தி நின்றுவிடுமாம்! ஆசையை வளர்க்க ஆணை, பிறகு ஆசைப்பட்டவன்மீது பழி! 1961இல் நாட்டின் பரப்பில் நூற்றுக்கு 53 பங்காக இருந்த காடு, 1988இல் 28 பங்காகச் சுருங்கியது. மரம் வெட்டும் உரிமம் குழுமங்களுக்குப் போயிற்று. ஐரோப்பிய மாடுகளின் தீவனத்துக்காக மலைச்சரிவுகளில் மரவள்ளி ஏறிற்று.

1988 நவம்பரில் தெற்கே நக்கோன் சி தம்மராத் மாநிலத்தில் பெருமழை கொட்டியது. மொட்டையடிக்கப்பட்ட சரிவுகள் சரிந்தன. வெட்டிப் போட்ட மரங்கள் வெள்ளத்தோடு உருண்டு வந்து ஊர்களை மூடின. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1989 சனவரியில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசு தடை செய்தது. நன்று! ஆனால் கோடரி ஓய்ந்ததா? எல்லை தாண்டிற்று! அதே காலத்தில் பர்மாவின் இராணுவ ஆட்சி தாய்லாந்துக் குழுமங்களுக்குத் தேக்குக் காடுகளைத் திறந்துவிட்டது. ஒன்றைச் சார்ந்து ஒன்று என்றாரே புத்தர், அதை மரவணிகர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த வேளையில்தான் சில கிராமத்துப் பிக்குகள் ஒரு காரியம் செய்தார்கள். 1980களின் இறுதியில் பயாவ் மாநிலத்தைச் சேர்ந்த மனஸ் நதீபிதக் என்ற பிக்கு, காட்டின் பெரிய மரத்துக்குத் துவராடை சுற்றினார். நான் மாநிலத்தில் பிதக் நந்தகுன் அதைத் தொடர்ந்தார். துறவு பூண்ட மரத்தை எந்தக் கை வெட்டும்? மரம் பிக்குவாகுமா, வினய விதி இடம் தருமா என்று சாத்திரம் அறிந்தோர் சீறினார்கள். மனிதர்க்கே துறவு என்பது விதிதான். பிக்குகளும் இதனை அடையாளச் சடங்கு என்றே சொன்னார்கள். சட்டத்துக்கு அஞ்சாதவனையும் நாணவைத்த அந்த முழத்துணியை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை.

ஆடை சுற்றியமட்டும் அரசுக்கு வலிக்கவில்லை. மரத்தோடு மனிதனையும் சேர்த்துப் பேசியபோதுதான் வலித்தது. புரிராம் மாநிலத்துத் தோங் யாய் காட்டில் குடியிருந்த ஏழை உழவர்களோடு நின்றார் பிராசக் குத்தசித்தோ என்ற பிக்கு. காடுவாழ் குடும்பங்களை வடகிழக்கில் இலட்சக்கணக்கில் பெயர்த்தெடுத்துவிட்டு, அந்த நிலத்தின் ஒரு பகுதியில் தைலமரம் நடத் திட்டமிட்டிருந்தது இராணுவம். காட்டைக் காக்கவாம் இது! உழவன் இருந்தால் அழிவு, தைலமரத் தோட்டம் இருந்தால் காடு! எதிர்த்து நின்ற பிராசக் 1991இல் கைது செய்யப்பட்டார். மரத்தைச் சுற்றிய அதே துவராடை, அவரைக் காக்கவில்லை.

பருவநிலை பற்றி ஊர்க்கூட்டங்களில் பேசப்போகும் தோழர்கள் இந்தக் கைதை மறவாமல் சொல்ல வேண்டும். புத்தர் பெயரைச் சொல்லி ஏழையிடம் சிக்கனம் கேட்பவரிடம், புரோகிதன் கேட்ட விதைநெல் எங்கே என்று திருப்பிக் கேட்க வேண்டும். நிலக்கரி எரிப்பவனுக்கு உரிமம், அடுப்பெரிப்பவளுக்கு அறிவுரை என்ற ஏற்பாட்டுக்குப் பௌத்தத்தில் இடமில்லை.

1992 மே மாதத்தில் பாங்காக் வீதிகளில் மக்கள் எழுந்தனர். இராணுவத்தின் பிடி தளர்ந்தது. உழவர்கள் சாலைகளில் திரண்டதும் அதே ஆண்டில் வெளியேற்றத் திட்டம் கைவிடப்பட்டது. ஊரார் தம் காட்டைத் தாமே ஆள உரிமை தரும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் அக்காலத்ததே. சமூகக் காடுகள் சட்டம் 2019இல் நிறைவேறிற்று. காப்பிடங்கள் என்று அரசு வரையறுத்த காடுகளுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவோருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.