பயிற்சி கொடுப்பவருக்குப் பயிற்சி இருக்கிறதா?

போன வருஷம் எங்கள் வீட்டில் மூன்று மாதம் ஒரே பேச்சு. முழங்கால் பேச்சு!

தம்பி மகளுக்குப் பன்னிரண்டு வயசு. காரைக்குடியில் எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். நல்லா ஓடுவாள். பள்ளி விளையாட்டு விழாவில் 200 மீட்டரில் முதலாவதாக வந்தாள். "இந்தப் புள்ளையை விட்டுடாதீங்க சார், மாவட்டம், மாநிலம்னு போகவேண்டியவ" என்று நாலு பேர் சொன்னார்கள். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலை அஞ்சரைக்கு மைதானம், ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் இன்னொரு ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையோடு சரி.

இரண்டாவது மாதம், முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். பயிற்சி கொடுத்தவரிடம் போய்ச் சொன்னேன். "வளர்ற புள்ளைக்கு வலிக்கத்தான் சார் செய்யும். வலியோட ஓடினாத்தான் வலி போகும்" என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை. ஏழைப் பிள்ளைகளிடம் காசு வாங்க மாட்டார். கைக்காசில் வாழைப்பழம் வாங்கிக் கொடுப்பவர். சின்ன வயசில் நன்றாக ஓடியவராம். ஆனால் அவர் சொன்னது தப்பு. அதைக் கேட்டு நானும் தலையாட்டிவிட்டு வந்தது அதைவிடப் பெரிய தப்பு.

கடைசியில் பக்கத்து வீட்டு ஆச்சிதான் கண்டுபிடித்தார். "ஏம்ப்பா, புள்ளை படி இறங்கயில ஒரு காலை இழுத்து இழுத்து வைக்குதே, இத்தனை பேரு இருக்கீக, ஒருத்தரும் பாக்கலியா?" என்றார். அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் முழங்காலுக்குக் கீழே புடைத்திருந்த இடத்தை விரலால் லேசாக அழுத்தினார். அவள் துள்ளிவிட்டாள். "வளர்ற வயசில எலும்போட நுனி இன்னும் இறுகியிருக்காது. தொடைத் தசையோட நாண் இங்கதான் வந்து ஒட்டுது. ஓட்டம், குதி, மறுபடி ஓட்டம்னு ஓய்வே இல்லாம போனா, அந்த நாண் இந்த இடத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர்னு பேரு. பயப்படாதீங்க, வளர்ச்சி நிக்கிறப்போ பெரும்பாலும் தானா அடங்கிடும். ஆனா இப்போ ஓட்டத்தைக் குறைக்கணும். ஐஸ் ஒத்தடம் குடுங்க. தொடைத் தசையை நீட்டி மடக்குற பயிற்சி எழுதித் தர்றேன். அதுக்காக விளையாட்டையே நிறுத்திடாதீங்க" என்றார்.

அதோடு விட்டாரா? "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி?" என்றார். விரல் விட்டு எண்ணினேன். பத்தொன்பதரை மணி நேரம்! "பிள்ளைக்கு எத்தனை வயசோ, ஒரே விளையாட்டில் வாரத்துக்கு அத்தனை மணிக்கு மேல போகக்கூடாதுங்கறது பொதுவான கணக்கு. வாரத்தில ஒரு நாளாவது முழு ஓய்வு வேணும். பயிற்சி கொடுக்கிறவர் என்.ஐ.எஸ். முடிச்சவரா?" என்றார்.

விழித்தேன். டியூஷனில் சேர்க்கும்போது வாத்தியார் எம்.எஸ்ஸி.யா, பி.எஸ்ஸி.யா என்று கேட்கிறோம். பாட்டு டீச்சர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்று விசாரிக்கிறோம். பிள்ளையின் எலும்பையும் தசையையும் இருதயத்தையும் நம்பி ஒப்படைக்கிற இடத்தில், "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்க ஏனோ நாக்கு வருவதில்லை.

அந்த என்.ஐ.எஸ். கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சுகாதாரத்துக்கும் விளையாட்டுக்கும் நம் நாட்டில் எவ்வளவு பழைய உறவு என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வித்திட்டவர். அவர் பெயரில் 1953-ல் ஒரு விளையாட்டுப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. இளம் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சியாளர்கள் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சிக்கல் எங்கே வந்தது என்றால், பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமே! வெளிநாட்டிலிருந்து எத்தனை பேரை அழைத்து வர முடியும்?

அதற்காகத்தான் 1961-ம் வருஷம் மே 7-ம் தேதி பஞ்சாபில் பாட்டியாலா நகரில் தேசிய விளையாட்டு நிலையம் பிறந்தது. இடம் எது தெரியுமா? பாட்டியாலா மகாராஜாக்களின் பழைய மோதிபாக் அரண்மனை. சுற்றிலும் 268 ஏக்கர். கடைசி மகாராஜா யாதவீந்திர சிங் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கிரிக்கெட் ஆடியவர், ஒலிம்பிக் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். (எங்கள் செட்டிநாட்டிலும் அரண்மனை மாதிரி வீடுகளுக்குப் பஞ்சமில்லை. பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. சில ஓட்டலாகிவிட்டன. வளவில் பிள்ளைகள் ஓடினால் நன்றாகத்தான் இருக்கும். சரி, அது வேறு கதை.)

முக்கியமான விஷயம், அந்த நிலையம் ஆரம்பிக்கப்பட்டது சாம்பியன்களை உருவாக்குவதற்காக அல்ல, சாம்பியன்களை உருவாக்குபவர்களை உருவாக்க! ஹாக்கி மாயாவி தியான் சந்த் ஓய்வுக்குப் பிறகு அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1973 ஜனவரி 23-ல் நேதாஜி சுபாஷ் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1982 டில்லி ஆசிய விளையாட்டுக்குப் பிறகு 1984-ல் இந்திய விளையாட்டு ஆணையம் வந்தது. 'சாய்' என்கிறோமே, அதுதான். 1987-ல் பாட்டியாலா நிலையம் அதோடு இணைந்தது. பெங்களூரு, கொல்கத்தா மையங்களிலும் இந்தப் படிப்பை நடத்தியிருக்கிறார்கள்.

ஒரு வருஷ டிப்ளமோவில் என்ன சொல்லித் தருகிறார்கள்? எப்படி ஓடுவது, எப்படி எறிவது என்பது மட்டும் இல்லை. உடற்கூறு, உடலியங்கியல், அசைவுகளின் இயக்கவியல், விளையாட்டு உளவியல், சத்துணவு, எந்த வயதில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்ற கணக்கு எல்லாம் உண்டு. பாதி மருத்துவக் கல்லூரிப் பாடம் போல இருக்கிறது. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு.

இங்கே படித்தவர்தான் கேரளத்தின் ஓ.எம். நம்பியார். விமானப்படையில் இருந்து, பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பை முடித்து, கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் ஒரு ஒல்லிச் சிறுமியைக் கண்டெடுத்தார். அந்தச் சிறுமிதான் பி.டி. உஷா. 1985-ல் துரோணாச்சாரியார் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில். அங்கே தனக்குக் கிடைத்தது அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும்தான், கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதுவே காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார். நல்ல குரு கிடைத்தும், தட்டில் சாப்பாடு சரியில்லாவிட்டால் என்ன ஆகும் பாருங்கள்!

பாட்டியாலாவுக்குப் பெருமை மட்டும்தானா என்றால் இல்லை. 2011-ல் அங்கே தேசிய முகாமில் இருந்த தொடர் ஓட்ட வீராங்கனைகள் சிலர் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த சத்துப் பொருளில்தான் கோளாறு என்றார்கள் அவர்கள். பயிற்சியாளர் நீக்கப்பட்டார். வீராங்கனைகளுக்கு இரண்டு வருஷத் தடை. "கோச் கொடுத்தார், சாப்பிட்டேன்" என்ற பதில் எங்கும் எடுபடாது. எங்கள் ஊர் ஜிம்களிலும் பெரிய பெரிய டப்பாக்களில் பவுடர் விற்கிறார்கள். பிளஸ் டூ பையன்கள் வாங்கிப் போகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த அம்மாவாவது கேட்டிருப்பாரா?

அதே வளாகத்தில்தான் 2021 மார்ச்சில் நீரஜ் சோப்ரா 88.07 மீட்டர் எறிந்து அப்போதைய தேசிய சாதனை படைத்தார். ஆகஸ்டில் டோக்கியோவில் தங்கம். பளு தூக்கும் மீராபாய் சானுவும் அங்கே பயிற்சி எடுத்தவர்தான். அவர் முதுகு, தோள் தொந்தரவைச் சரிசெய்ய அமெரிக்கா வரை போய் வரவேண்டியிருந்தது. வெள்ளி வென்ற பிறகு எல்லோரும் கைதட்டினோம். வலியைப் பொறுத்துக்கொண்டு தூக்கு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. சாந்தி சௌந்திரராஜன் அங்கே செங்கல் சூளைக் கூலித் தொழிலாளிகளின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். அவரே பிறகு சூளையில் கூலி வேலை செய்தது 2012-ல் செய்தியாக வந்தது. அந்தப் பெண் 2013-ல் பெங்களூருவில் சேர்ந்து பயிற்சியாளர் டிப்ளமோ படித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். உடம்பைப் பற்றிய அறியாமை ஒரு பெண் பிள்ளையை என்ன பாடு படுத்தும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் நின்றால் "அப்பாடா, பயிற்சிக்குத் தொந்தரவில்லை" என்று நினைக்கிற பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். உடலுக்கு வேண்டிய உணவு போதவில்லை, எலும்பு பலவீனமாகிறது என்பதன் எச்சரிக்கையாக அது இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டவேண்டிய சமாச்சாரம்.

என் ஆதங்கம் என்னவென்றால், பாட்டியாலா நிலையம் தொடங்கி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி 1920-லேயே வந்துவிட்டது. ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். எங்கள் காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 1950-களிலேயே உடற்பயிற்சிக் கல்லூரி கண்டவர். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்த கை அது. அறிவுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் அந்த அறிவு, அஞ்சரை மணிக்கு ஓடுகிற பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் முழங்கால் வரை வந்து சேரவில்லையே!

காரணம் இல்லாமல் இல்லை. பி.பி.எட். படித்தவர் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர். எல்லா விளையாட்டையும் பொதுவாகப் பார்ப்பவர். என்.ஐ.எஸ். முடித்தவர் ஒரு விளையாட்டில் தேர்ந்தவர். இரண்டு பேரும் வேண்டும். உடற்கல்வி ஆசிரியரை எத்தனை பள்ளிகள் மதிக்கின்றன? பரீட்சை வந்தால் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். ஒவ்வொரு பள்ளியும் தனியாக ஒரு தடகளப் பயிற்சியாளரை வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நாலு பள்ளி சேர்ந்து ஒருவரை வைக்கலாமே? ஆண்டு விழா பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் ஆகிற செலவில் பாதி போதும்.

படிப்பு இல்லாதவர் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. சான்றிதழ் வைத்துக்கொண்டு மைதானத்துப் பக்கமே வராதவர்களும் உண்டு. ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். என்ன படித்தீர்கள்? வாரத்தில் எந்த நாள் ஓய்வு? வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்? மே மாதம் கோடை முகாம் என்று பதினோரு மணி வரைக்கும் செம்மண் மைதானத்தில் நிற்க வைக்கிறார்கள். நிழல் இருக்கிறதா, அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் குடிக்க விடுகிறார்களா என்று ஒரு நாள் போய் நின்று பாருங்கள். தண்ணீர் குடித்தால் ஓட முடியாது என்று விரட்டுகிற இடமாக இருந்தால், பிள்ளையை அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தம்பி மகள் இப்போது மறுபடி ஓடுகிறாள். வாரத்தில் நாலு நாள்தான். இரண்டு நாள் நீச்சல். அந்தப் பயிற்சியாளரிடம் டாக்டர் சொன்னதை எல்லாம் பக்குவமாகச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு ஓடினப்போ எங்க வாத்தியார் என்ன சொன்னாரோ, அதைத்தான் சார் நானும் சொன்னேன்" என்றார். பிறகு, "அந்த ஆறு வாரப் படிப்பு... போகவர, தங்க, சாப்பிட எவ்வளவு ஆகும்? ஆறு வாரம் வீட்டுக்கு யார் சார் அரிசி வாங்கிப் போடுவா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவரிடம் ஓடுகிற பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் ஏழு பேர் உட்கார்ந்து பேசினோம். தலைக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்வதாக முடிவு. ஒருவர் மட்டும், "சொல்லிக் குடுக்கிறவருக்கு நாம ஃபீஸ் கட்டணுமா?" என்று முணுமுணுத்தார். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. பயிற்சியாளர் பரணில் ஏறித் தன் பழைய டிகிரி சர்டிபிகேட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.