அரபு இளைஞனுக்கு அரசியல் தெரியாதாம்ல!

அரபு நாடுகளைப் பத்திப் பேச்சு எடுத்தாலே ஆபீஸ் கேண்டீன்ல ஒரு டெம்ப்ளேட் வசனம் ரெடியா இருக்கும். "அங்க பசங்களுக்கு மதம்தான் பாஸ் எல்லாம், அரசியலாவது ஒண்ணாவது." நம்ம பதிவுலக மக்களும் அப்பப்ப இதே ஜல்லியை அடிக்கிறாங்க. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

2019 ஈராக்கை எல்லாரும் வசதியா மறந்துட்டீங்களா? அக்டோபர் 1-ந்தேதி பாக்தாத்ல கிளம்பின கூட்டம் பெரும்பாலும் இளவட்டம். வேலை இல்லை, கரண்ட் இல்லை, ஊழலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. சுடச் சுட, காயம்பட்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது டுக்டுக் ஓட்டற பசங்க (நம்ம ஆட்டோதாங்க!). நூற்றுக்கணக்கான பேர் செத்தாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, போராடினதுல பெரும்பாலோர் ஷியாக்கள். நாசிரியா, பஸ்ரான்னு ஷியா ஊர்கள்லயே ஷியா மதவாதக் கட்சிகளோட ஆபீஸ் எரிஞ்சது. குர்துக்கு ஜனாதிபதி, ஷியாவுக்குப் பிரதமர், சன்னிக்கு சபாநாயகர்னு 2003க்கு அப்புறம் பங்கு போட்டுக்கிட்ட முறையே வேணாம், எங்களுக்கு நாடு வேணும்னாங்க. சரி, அப்ப மதத்தை விட்டுட்டாங்களா? அதுவும் இல்லை. கர்பலா யாத்திரையான அர்பயீனுக்காகப் போராட்டத்தை நிறுத்தி, அது முடிஞ்சு அக்டோபர் 25-ந்தேதி திரும்ப வீதிக்கு வந்தாங்க. நவம்பர் 29-ந்தேதி வெள்ளிக்கிழமை பிரசங்கத்துல அயத்துல்லா சிஸ்தானி தரப்பு அரசைக் கைகழுவ, பிரதமர் அப்துல் மஹ்தி அன்னிக்கே ராஜினாமாவை அறிவிச்சார். இதுல எது மதம், எது அரசியல்? பிரிச்சுக் காட்டுங்க சாமி, கோடி புண்ணியம்.

எதிர் கோஷ்டி இன்னும் மோசம். அரபு பாரோமீட்டர் கருத்துக்கணிப்புல 'மதப்பற்று இல்லை'ன்னவங்க 2013ல 8 சதவீதம், 2018-19ல 13. முப்பது வயசுக்குக் கீழ 18. உடனே "மதம் காலி, இனி புரட்சிதான்"னு துள்ளிக் குதிச்சாங்க. 2021-22 சுற்றுல பல நாடுகள்ல இளைஞர்கள் மதத்துப் பக்கம் திரும்பறாங்கன்னு அதே அமைப்பு சொன்னப்ப கப்சிப்.

துனிசியாவுல 2022 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தல்ல விழுந்த ஓட்டு சுமார் 11 சதவீதம். இதையும் 'இளைஞர்களுக்கு அக்கறை இல்லை'ன்னு ஒரு புண்ணியவான் எழுதறார். 2011ல பென் அலியை நாட்டை விட்டே ஓட வெச்ச ஜனங்கய்யா அவங்க! 2021ல நாடாளுமன்றத்தை முடக்கின அதே ஜனாதிபதி கைஸ் சயீத் நடத்தற தேர்தல். பெரிய கட்சிகளே புறக்கணிச்சாச்சு. அதுல போய் எதுக்கு ஓட்டுப் போடணும்?