ஆங்கிலம் சோறு போடுமா?

ஜூன் மாதம் பிறந்தால் கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி சாலைகளில் பள்ளி வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். கரிசல் காட்டில் மானாவாரியாக உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கும் குடும்பங்களும், தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாய்மார்களும் தங்கள் பிள்ளை ஆங்கில வழியில் படிக்க வேண்டும் என்றே விரும்புகின்றனர். நகையை அடகு வைத்தாவது கட்டணம் கட்டுகின்றனர். தீப்பெட்டியின் விலையே 14 ஆண்டுகள் 1 ரூபாயாக நின்று, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாயானது. அப்படிப்பட்ட தொழிலின் கூலியிலிருந்து எடுத்துக் கட்டும் பணம் அது. எனவே அதற்கு என்ன பலன் என்று நாம் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆங்கிலத்தால் வருமானம் கூடுமா? கூடும். ஆசாம், சின், பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள் 2005ஆம் ஆண்டின் இந்தியக் குடும்பங்கள் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஆண்களின் கூலி, பேசத் தெரியாதவர்களுடையதைவிட 34 சதவீதம் அதிகம். ஓரளவு பேசுவோருக்கு 13 சதவீதம் அதிகம். ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவை எந்தப் பள்ளியும் விளம்பரத் தட்டியில் எழுதுவதில்லை. படிப்பை நிறைவு செய்யாத இளைஞருக்கு ஆங்கிலத்தால் கிடைக்கும் ஆதாயம் மிகக் குறைவு. மொழி மட்டும் சோறு போடாது. படிப்போடு சேர்ந்தால்தான் போடும்.

திருத்தூதர் பணிகள் 21ஆம் அதிகாரத்தில் தூய பவுல் படைத்தலைவனிடம் கிரேக்கத்தில் பேசுகிறார். உடனே அவனுடைய நடத்தை மாறுகிறது. மக்களிடம் பேச அனுமதியும் கிடைக்கிறது. அதிகாரத்தின் மொழி தெரிந்திருப்பது சிறுமை அல்ல, பாதுகாப்பு. ஆனால் மக்களிடம் அவர் பேசியது அவர்களுடைய மொழியில்தான்! தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வியட்நாம் நிறுவனத்தின் கார் ஆலை திறக்கப்பட்டது. அங்கே வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைக்கும் ஆங்கிலம் கைகொடுக்கும், மறுப்பதற்கில்லை.

ஆனால் ஆங்கிலம் கற்பது வேறு, ஆங்கில வழியில் கற்பது வேறு. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத குழந்தை, ஆசிரியருக்கே சரளமாக வராத மொழியில் அறிவியலை மனப்பாடம் செய்கிறது. இறுதியில் இரண்டும் கைக்கு எட்டுவதில்லை. வேறொரு இழப்பும் உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழக அரசு நேரடி நியமனங்களில் 20 சதவீதம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு உரியது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் ஆங்கில வழியில் சேர்க்கும்போதே இந்த வாய்ப்பு கைநழுவத் தொடங்குகிறது என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

சிறு வயதிலேயே தொடங்காவிட்டால் மொழி வராது என்று அஞ்சவும் வேண்டாம். நம் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் தமிழகம் வந்து தமிழ் கற்றது முப்பது வயதுக்குப் பிறகுதான்.

நமது மறைமாவட்டப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் வழி வகுப்புகளை ஆள் இல்லை என்று மூடிவிடாதீர்கள். அவ்வகுப்புகளுக்கே, நன்றாக ஆங்கிலம் பேசும் ஓர் ஆசிரியரை நியமியுங்கள். பங்குகளில் மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் மறைக்கல்வி அறைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் ஊர்களில் இருக்கத்தானே செய்கிறார்கள்?