நீலி ஏன் அழுதாள்?

பெங்களூரில் அக்கா மகளுடன் ஒரு வாரம் தங்கியிருந்தபோது அந்தக் கேள்வி வந்தது. 2025 செப்டம்பர் மாதம். ‘லோகா: சாப்டர் 1 – சந்திரா’ என்ற மலையாளப் படத்தின் இரவுக் காட்சி முடிந்து வாடகைக் காருக்காகக் காத்திருந்தோம். அவள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நான் எழுதுவதையும் மொழிபெயர்ப்பதையும் நான் வற்புறுத்தினால் படிப்பாள்.

“சித்தி, போன வாரம் நீங்க மொழிபெயர்த்த கட்டுரையில ‘நீலிக்கண்ணீர்’னு ஒரு வார்த்தை இருந்துச்சே. அந்த நீலியும் இந்தப் படத்து நீலியும் ஒரே ஆளா?”

“ஆமாம், கிட்டத்தட்ட” என்றேன்.

“அப்ப அவ பொய்யாவா அழுதா?”

தமிழ் எம்.ஏ. படித்தவள் நான். பதில் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அவள் சொன்ன கட்டுரையில், ஒரு பெண் கொடுத்த புகாரைப் பற்றி ஒரு பிரமுகர் பேசிய வாக்கியம் இருந்தது. அவள் வடிப்பது முதலைக் கண்ணீர் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘நீலிக்கண்ணீர்’ என்று போட்டேன். முதலைக் கண்ணீர் இறக்குமதிச் சரக்கு, நீலிக்கண்ணீர் நம் சொந்தச் சரக்கு என்று உடன் வேலை செய்யும் இளையவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். அந்தச் சொந்தச் சரக்குக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்ததில்லை.

முதலில் படத்தைப் பற்றி. டொமினிக் அருண் இயக்கி, துல்கர் சல்மான் தயாரித்து, 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியானது. உலக அளவில் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். நாயகனுக்குத் துணையாக வந்துபோகும் பெண் அல்ல, ஒரு பெண்ணே முழுப் படத்தையும் தாங்குகிறாள் என்பதுதான் எல்லோரும் பேசிய செய்தி. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா, பெங்களூரில் ஒரு காப்பிக் கடையில் இரவுப் பணி பார்க்கிறாள். எதிர்வீட்டு வாலிபன் அவள் மேல் மையல் கொள்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவள் மலையாளிகள் பாட்டி கதையில் கேட்டு நடுங்கிய கள்ளியங்காட்டு நீலி. நூற்றாண்டுகளாகச் சாகாமல் இருப்பவள். இரத்தம் இல்லாமல் அவளால் வாழ முடியாது. ஆனால் மனிதரைக் காப்பது அவளுக்கு இடப்பட்ட கடமை. பசி ஒரு பக்கம் இழுக்க, கடமை மறுபக்கம் இழுக்க, பெருநகரத்தின் உடலுறுப்புத் திருட்டுக் கும்பலோடு மோதுகிறாள்.

யட்சி என்றால் வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், பாலை மரம், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் குரல் என்று பழகியவர்களுக்கு இது புதிது. அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதற்கும் படம் ஒரு காரணம் சொல்கிறது. கோயிலுக்குள் நுழைந்த குற்றத்துக்காக ஒரு பழங்குடிக் கூட்டத்தையே மன்னனின் ஆட்கள் அழிக்கிறார்கள். தப்பி ஓடும் சிறுமிதான் நீலி. இருட்டு அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல என்று ஆகிறது.

இந்தக் காரணம் படத்துக்காக உண்டாக்கப்பட்டது. பழைய கதையில் இருக்கும் காரணம் வேறு. அதற்கு நாம் கேரளத்துக்குப் போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூருக்குப் போனால் போதும்.

பழையனூர் நீலி கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பொதுவான எலும்புக்கூடு இதுதான். ஒருவன் தன் மனைவியைக் காட்டுவழியில் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து பழையனூருக்கு வருகிறான். கையில் ஒரு கத்தி. அது இருக்கும்வரை பேய் அவனை அணுக முடியாது. நீலி ஒரு கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுவிட்டார்” என்று ஊர்ச்சபையில் வந்து அழுகிறாள். வணிகன் இவளை யாரென்றே தெரியாது என்கிறான். வேளாளர் எழுபது பேர் விசாரிக்கிறார்கள். குழந்தை அவனிடம் தாவுகிறது. சபை அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. இருவரும் ஒரே வீட்டில் தங்க வேண்டும் என்கிறார்கள். அவன் கையில் கத்தி இருந்தால் என்னைக் கொன்றுவிடுவான் என்று அவள் அழ, கத்தியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் உயிர் கொடுக்கிறோம் என்று அவனுக்கு வாக்களிக்கிறார்கள். விடியும்போது வணிகன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்குகிறார்கள்.

7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சத்தைக் குறிப்பிடுகிறார் என்றால், கதை அதற்கும் மூத்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், வகுப்பில் பரீட்சைக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அழுகையை அன்று இரவுதான் வரிவரியாக யோசித்தேன். இவர் என் கணவர் என்றாள். முற்பிறவியில் உண்மை. கைவிட்டார் என்றாள். அதுவும் உண்மை, குறைத்துச் சொன்ன உண்மை. கத்தி இருந்தால் கொன்றுவிடுவான் என்றாள். ஏற்கெனவே கொன்றவன்தான். அவள் சொன்னதில் சுத்தப் பொய் அந்தக் கள்ளிக்குழந்தை ஒன்றுதான். வணிகனும் பொய் சொல்லவில்லை. இந்தப் பிறவியில் அவனுக்கு அவளைத் தெரியாது. செய்தவனுக்கு மறந்துவிடுகிறது, பட்டவளுக்கு நினைவிருக்கிறது. எந்தச் சபைக்கும் சிக்கலான வழக்குதான்.

என்னை உறுத்துவது அடுத்த கட்டம். ஒரு பெண் வந்து அழுதபோது ஊர்ச்சபை அவளை நம்பியது. நம்பியதற்குத்தான் எழுபது உயிர் போனது என்று கதை முடிகிறது. ஆகவே பரம்பரை பரம்பரையாக நாம் எடுத்துக்கொண்ட பாடம் இரண்டு. வாக்குத் தவறாமைக்குப் பழையனூர் வேளாளர். பொய்யழுகைக்கு நீலி. காட்டுவழியில் நடந்த முதல் கொலைக்கு எந்தப் பழமொழியும் இல்லை. கொன்றவன் பெயரில் ஒரு சொல்கூட அகராதியில் ஏறவில்லை.

இதே கதை தெற்கே போய் வேறு ஊர்களில் குடியேறியது. நாகர்கோவிலை அடுத்த பார்வதிபுரம் பக்கத்துக் கள்ளியங்காடுதான் மலையாளிகளின் நீலிக்குப் பெயர் கொடுத்த இடம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அதனால் நீலி இரண்டு மொழிகளிலும் உலவினாள். நாஞ்சில் நாட்டில் அவள் கதையை வில்லுப்பாட்டில் பாடினார்கள். அங்கே அவள் பேயாகவே நின்றுவிடவில்லை. யட்சி என்பது இயக்கியாகி, இசக்கியாகி, முப்பந்தலில் அம்மனாக உட்கார்ந்துவிட்டாள். காற்றாலைகள் சுழலும் அந்த நெடுஞ்சாலையில் லாரிகள்கூட நின்று கும்பிட்டுப் போகின்றன. பிள்ளைவரம் கேட்பவர்களும் இசக்கியிடம்தான் போகிறார்கள். அநியாயமாகச் செத்தவளுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று கிராமத்து மனம் அறிந்திருக்கிறது. எழுத்துத் தமிழ்தான் ‘நீலிக்கண்ணீர்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறது.

எழுத்துத் தமிழிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’. 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த சமண நூல். பலி நின்றுபோன கோபத்தில் ஒரு காளி, முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை விரட்டப் பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். பயமுறுத்தியும் பலிக்காமல், மயக்கியும் பலிக்காமல் தோற்ற நீலி அவரிடமே அறம் கேட்கிறாள். பிறகு கொல்லாமை விரதம் பூண்டு, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு வாதம் செய்து வெல்கிறாள். இரத்தம் குடித்தவள் தர்க்கம் பேசுகிறாள்!

அவள் முதலில் வெல்வது குண்டலகேசியை. குண்டலகேசியின் கணவனும் மலையுச்சியில் அவளைத் தள்ளிக் கொல்ல நினைத்தவன்தான். அவள் முந்திக்கொண்டு அவனைத் தள்ளிவிட்டு, பௌத்தத் துறவியானாள். கணவன் கையிலிருந்து தப்பியவள் துறவி, தப்பாதவள் பேய். இருவரும் சந்திக்கும்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்ளாமல் சமய வாதம் செய்கிறார்கள்.

இங்கேதான் ‘லோகா’வோடு எனக்கு ஒரு பிணக்கு. படத்தில் நீலியைக் கண்டெடுத்து, உன் சக்தியை நன்மைக்குப் பயன்படுத்து என்று திருப்புபவர் கடமற்றத்துக் கத்தனார், கேரளத்தின் புகழ்பெற்ற மந்திரவாதப் பாதிரியார். இன்றைய பெங்களூரில் அவள் ‘மூத்தோன்’ என்ற தலைவரின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முனிச்சந்திரர், இப்போது கத்தனார். சமயம் மாறியிருக்கிறது, ஏற்பாடு மாறவில்லை. அவளை நல்லவளாக ஏற்பதற்கு ஒரு பெரியவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஊரைக் காப்பாற்று, உன்னைச் சகித்துக்கொள்கிறோம் என்பதுதான் ஒப்பந்தம். உனக்கு நடந்ததற்கு என்ன பதில் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.

ஆனாலும் ஒரு காரியத்தைப் படம் சரியாகச் செய்திருக்கிறது. எதிரியாக மந்திரவாதியையோ அரக்கனையோ நிறுத்தவில்லை. நடன இயக்குநர் சாண்டி நடித்த நாச்சியப்பா, ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். தன் இஷ்டப்படி வாழும் பெண்களைக் கண்டாலே அவனுக்கு வெறுப்பு. இரவில் வெளியே நிற்கும் பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடும் அந்தப் பார்வையை அரங்கில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். புகார் கொடுக்கப் போகும் இடத்தில் அந்தப் பார்வை உட்கார்ந்திருந்தால், அழுகை பொய்யா மெய்யா என்பது கேட்கும் முன்பே தீர்மானமாகிவிடும்.

கார் வந்தது. அக்கா மகள் வண்டி எண்ணைப் படம் பிடித்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள். நான் பக்கத்தில் இருக்கும்போதும் அனுப்பினாள். பழக்கம் என்றாள். இரவுப் பணி முடிந்து வரும் ஒவ்வொரு நாளும் இதைச் செய்கிறாளாம். கத்தியை அவனிடமிருந்து வாங்கி வையுங்கள் என்று நீலி சபையில் கேட்டது நினைவுக்கு வந்தது.

வழியெல்லாம் பழையனூர்க் கதையைச் சொன்னேன். முடிவில், “அவ பொய்யா அழலை” என்றேன்.

“அப்ப அந்த வார்த்தையை ஏன் போட்டீங்க சித்தி?”

இதற்கும் பதில் இல்லை. இனிமேல் போடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பதில் எதைப் போடுவது என்று கேட்பீர்களானால், ‘பொய்க் கண்ணீர்’ என்று போதுமான சொல் ஒன்று தமிழில் இருக்கத்தான் செய்கிறது. பொய் யாருடையது என்பதை விசாரணைக்கு விட்டுவிடலாம்.